அவர் என்பது நீர் ஆகும்போது: வேதவசனத்தை அன்றாட ஜெபமாக்கும் வழி

காலையில் முழங்கால் போட்டால் இரண்டு நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது. "இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், வீட்டாரைக் காத்தருளும், வேலையை ஆசீர்வதியும், இயேசுவின் நாமத்தில் ஆமென்." நேற்றும் இதேதான், நாளைக்கும் இதேதான். ஜெபிக்கத் தொடங்கிய பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். தங்களுக்கு பக்தி போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரையில் பக்தி இருக்கிறது, பேச விஷயம்தான் இல்லை. வேதாகமத்தை ஒரு பக்கமும் ஜெபத்தை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டதால் வந்த வறட்சி அது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், பேசுவதற்கு ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும்.

எங்கள் சபையில் ஒரு ஆச்சி இருந்தார்கள். பள்ளிப் படிப்பு அதிகம் கிடையாது. 23-ம் சங்கீதத்தில் வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து, நான்காம் வசனத்தில் நிறுத்திச் சொன்னார்கள்: "பாத்தியாய்யா, இந்த எடத்துல தாவீது ஆளப் பாத்துப் பேச ஆரம்பிச்சிட்டாரு." அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. முதல் மூன்று வசனங்களில் கர்த்தர் படர்க்கையில் இருக்கிறார்: "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி". மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு திரும்பிவிடுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் அவரோடு பேசத் தொடங்குகிறான். வசனத்தை ஜெபமாக்குவது என்றால் இதுதான். கீழே நான் சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரு திருப்பத்துக்கான பயிற்சி.

இது புதிய முறை அல்ல. சிலுவையில் ஆண்டவர் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கூப்பிட்டது 22-ம் சங்கீதத்தின் முதல் வசனம். கடைசியாகச் சொன்ன "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனம். ஆனால் சங்கீதத்தில் இல்லாத ஒரு சொல்லை அவர் முன்னால் சேர்த்தார்: "பிதாவே". பழைய வரி, அதோடு தன் சொந்த அழைப்பு. அப்போஸ்தலர் 4-ம் அதிகாரத்தில், பேதுருவையும் யோவானையும் மிரட்டி அனுப்பிய பிறகு, சபையார் கூடி 2-ம் சங்கீதத்தைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். உடனே அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, ஏரோது, பொந்தியு பிலாத்து என்று பெயர் சொல்லி, "அவர்கள் பயமுறுத்தல்களைத் தேவரீர் கவனித்து" என்று கேட்கிறார்கள். நாம் செய்யவேண்டியதும் இவ்வளவுதான்.

முதலில், உட்காரும் இடம்

இதற்கு அதிகம் தேவையில்லை. பதினைந்து நிமிடம், ஒரு வேதாகமம், ஒரு சாதாரண நோட்டு, பேனா. அதிகாலைதான் என்று கட்டாயம் இல்லை. இரவுப் பணிக்குப் போகிறவர் வேலை முடிந்து வந்து உட்காரலாம். சமையலுக்கு முன் நேரம் கிடைக்காத தாய், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு உட்காரலாம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம் என்றிருந்தால் போதும், மனது தானாகப் பழகிவிடும். போனில் வாசிக்கலாம், தவறில்லை. ஆனால் தொடக்கத்தில் அச்சுப் புத்தகத்தையே நான் சொல்வேன். போனில் வசனத்துக்கு மேலே வாட்ஸப் செய்தி வந்து விழும், அதோடு அன்றைய தியானம் போய்விடும்.

இன்னொரு விஷயம், மொழிபெயர்ப்பு. சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பின் நடை அழகானது, மனப்பாடம் செய்ய ஏற்றது. ஆனால் புதியவருக்கு சில இடம் புரியாது. 23-ம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் வரும் "நான் தாழ்ச்சியடையேன்" என்பதைப் பலர் 'நான் தாழ்ந்துபோகமாட்டேன்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த, 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே வரி "எனக்கேதும் குறையில்லை" என்றிருக்கிறது. அர்த்தம் சட்டென்று விளங்கிவிடுகிறது. "கிருபை" என்று நாம் வாசிக்கும் பல இடங்களில் அங்கே "பேரன்பு" என்றிருக்கும். ஒரு சொல் தடுக்கினால் மற்றதைத் திறந்து பாருங்கள். புரியாத சொல்லை வைத்துக்கொண்டு உண்மையாக ஜெபிக்க முடியாது.

எதை வாசிப்பது

கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் விழுந்த இடத்தை வாசிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சங்கீதத்தில் தொடங்குங்கள். மற்றப் புத்தகங்களில் பெரும்பாலும் தேவன் மனிதரோடு பேசுகிறார் அல்லது ஒருவர் அவரைப் பற்றிச் சொல்கிறார். சங்கீதங்களில் மனிதர் அவரோடு பேசுவதுதான் அதிகம். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

எந்தச் சங்கீதம் என்று தினமும் யோசிக்காமல் இருக்க ஒரு எளிய கணக்கு உண்டு. மொத்தம் 150 சங்கீதங்கள், மாதத்துக்கு 30 நாள். இன்று தேதி 5 என்றால் 5, 35, 65, 95, 125 ஆகிய ஐந்தையும் முதல் சில வரிகள் மட்டும் பாருங்கள். அன்றைய உங்கள் நிலைமைக்குப் பேசுகிற ஒன்று பெரும்பாலும் அதில் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 31-ம் தேதிக்கு 119-ம் சங்கீதம். 176 வசனம் என்று பயப்படவேண்டாம், அது எட்டெட்டு வசனமாக 22 பகுதி, ஒன்று போதும். ஒரு மாதம் சங்கீதத்தில் நடந்த பிறகு பவுலின் நிருபங்களுக்கும், அப்புறம் சுவிசேஷக் கதைகளுக்கும் போகலாம்.

வாசிப்பதும் நிற்பதும்

ஒரு முறை மனதுக்குள் வாசியுங்கள். இரண்டாம் முறை வாய்விட்டு, மெதுவாக. காது கேட்கும் அளவுக்கு வாசித்தால் கண் தாண்டிப்போன சொல்லைக் காது பிடித்துக்கொள்ளும். எங்காவது ஒரு சொல் தட்டும். ஆறுதலாகவோ உறுத்தலாகவோ இருக்கலாம். அங்கே நில்லுங்கள். அதிகாரத்தை முடிக்கவேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒரே வசனத்தில் அன்றைய பதினைந்து நிமிடமும் போய்விட்டால் அது நல்ல நாள்.

பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய ஜார்ஜ் முல்லர் 1841-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பல வருடம் அவர் எழுந்தவுடன் ஜெபத்தைத்தான் தொடங்குவார். மனது அலைந்து, சில நாள் அரை மணி நேரம் போன பிறகே உண்மையான ஜெபம் வந்ததாம். பிறகு முறையை மாற்றி, முதலில் வசனத்தை வாசித்துத் தியானித்தார். சில நிமிடங்களிலேயே அது அறிக்கையாகவோ ஸ்தோத்திரமாகவோ விண்ணப்பமாகவோ திரும்பிவிட்டது என்கிறார். முல்லர் போன்ற ஜெபவீரருக்கே மனது அலைந்திருக்கிறது. உங்களுக்கு அலைந்தால் கலங்காதீர்கள்.

நாலு சரம்

சொல் தட்டிவிட்டது. சரி, அடுத்து என்ன செய்வது? இந்த இடத்தில்தான் புதியவர்களுக்குக் கைப்பிடி தேவை. 1535-ல் விட்டன்பர்க்கில் பேதுரு என்ற நாவிதர் மார்ட்டின் லூத்தரிடம் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார். லூத்தர் அவருக்காகவே ஒரு சிறு புத்தகம் எழுதிக் கொடுத்தார். சவரக்கத்தியில் நாவிதர் வைக்கும் கவனம் ஜெபத்தில் வேண்டும் என்று அவர் தொழிலிலிருந்தே உதாரணம் எடுத்தார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நாலு சரம் சேர்த்துத் திரித்த மாலையாகத் தான் ஆக்கிக்கொள்வதாகச் சொன்னார்: இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. அதாவது உபதேசம், ஸ்தோத்திரம், அறிக்கை, விண்ணப்பம். ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது, இதைவிட எளிதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

யாக்கோபு 1:19-ஐ எடுத்துப் பார்ப்போம். "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்." இது கட்டளை. படர்க்கையில், எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. இதை எப்படித் திருப்புவது?

"ஆண்டவரே, காது முதலில், வாய் அப்புறம், கோபம் கடைசியில் என்று நீர் வரிசை வைத்திருக்கிறீர். என் வீட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. நான் கூப்பிடும்போதெல்லாம் நீர் கேட்கிறவராய் இருக்கிறீர், அதற்காக ஸ்தோத்திரம். என்மேல் கோபிக்க எத்தனையோ காரணம் இருந்தும் தாமதித்தீர், அதற்காகவும் ஸ்தோத்திரம். நேற்று இரவு அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தபோது, முழுதும் கேட்காமல் நடுவில் வெட்டிப் பேசினேன். அவர்கள் குரல் இறங்கிப்போனதும் தெரிந்தது, ஆனாலும் நான் நிறுத்தவில்லை. என்னை மன்னியும். இன்று நானே அவர்களைக் கூப்பிட்டுப் பேச உதவும். பத்து மணி மீட்டிங்கில் எனக்குப் பிடிக்காத ஒருவர் பேசும்போது, அவர் முடிக்கும்வரை என்னை அமரப்பண்ணும்."

இதில் அம்மாவும் பத்து மணியும் வந்ததைக் கவனியுங்கள். "எனக்குப் பொறுமையைத் தாரும்" என்று மட்டும் கேட்டிருந்தால் அந்த ஜெபம் சாயங்காலத்துக்குள் மறந்துபோயிருக்கும். ஆள், நேரம், இடம் மூன்றில் ஒன்றாவது உங்கள் ஜெபத்தில் இருக்கட்டும். அப்போதுதான் அது உங்கள் ஜெபம். எல்லா வசனத்துக்கும் நாலு சரமும் வராது. ஸ்தோத்திரம் மட்டும் வந்தால் அதோடு விடுங்கள், இழுத்துப் பிடிக்கவேண்டாம்.

முதல் சில வாரம் இதை நோட்டில் எழுதச் சொல்வேன். மூன்று நான்கு வரி போதும், மேலே தேதி. எழுதும் கை மனதை ஓடவிடாது. அதோடு, ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் எதற்கெல்லாம் பதில் கிடைத்திருக்கிறது என்று தெரியும். இல்லையென்றால் அதெல்லாம் நினைவிலேயே இருக்காது.

முன்னிலையில் 'நீர்' என்றுதான் சொல்லவேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பழைய தமிழ் வேதாகமம் தந்த சொல் அது. 'நீ'யின் நெருக்கமும் 'நீங்கள்' என்பதின் மரியாதையும் சேர்ந்த சொல். நெல்லைப் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கு அது பிரியமானது. ஆனால் உங்கள் வாயில் 'நீங்க' என்றுதான் இயல்பாக வருகிறது என்றால் அப்படியே பேசுங்கள். பிரசங்க மேடையின் தமிழைக் கடன் வாங்கிப் பேசும்போது மனது வெளியே நின்றுவிடும்.

கதைப் பகுதிகள்

சுவிசேஷக் கதைகளில் கட்டளையும் இருக்காது, ஜெபமும் இருக்காது. அங்கே உள்ளே போய் நிற்கவேண்டும். மாற்கு 10:46 முதல் 52 வரை வாசியுங்கள். எரிகோ சாலையோரத்தில் பர்திமேயு உட்கார்ந்திருக்கிறான். கூப்பிடுகிறான், கூட்டம் அதட்டுகிறது, இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறான். இயேசு நிற்கிறார். அவன் மேல் வஸ்திரத்தை எறிந்துவிட்டு ஓடி வருகிறான். அவன் குருடன் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் ஆண்டவர் கேட்கிறார்: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?"

புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, அந்தக் கேள்வியை உங்களைப் பார்த்துக் கேட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். அவன் சொன்னதுபோல ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். முதலில் வாய்க்கு வருவது நாம் வழக்கமாகக் கேட்கிற பட்டியலாக இருக்கும். கொஞ்சம் பொறுத்தால், அதற்கு அடியில் இருக்கிற உண்மையான பதில் மேலே வரும். அதைச் சொல்லும்போது சிலருக்குக் கண் கலங்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறருக்காக

உறவினர், நண்பர் என்று பெயர்ப்பட்டியல் வைத்து "ஆசீர்வதியும், ஆசீர்வதியும்" என்று கடந்துபோகிறோம். பவுல் சிறையிலிருந்து எழுதிய நிருபங்களில் அவர் மற்றவர்களுக்காகச் செய்த ஜெபங்கள் அப்படியே இருக்கின்றன: எபேசியர் 1:17 முதல் 19, 3:16 முதல் 19, கொலோசெயர் 1:9 முதல் 11. "நீங்கள்" என்று வரும் இடத்தில் ஒருவர் பெயரைப் போடுங்கள். "உள்ளான மனுஷனில் வல்லமையாய்ப் பலப்படவும்" என்ற வரியை வேலை போன அண்ணனுக்காகச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணன் வெளியே சிரித்துக்கொண்டிருக்கிறான், உள்ளுக்குள் உடைந்திருக்கிறான். அந்த உள்ளான மனுஷனை நீர் பலப்படுத்தும்." வேலை கிடைக்கவேண்டும் என்று கேட்பதும் அவசியம்தான். ஆனால் இந்த வரி இல்லாமல் இப்படி ஒன்றைக் கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றியிருக்காது.

தடுக்கும் இடங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். பலர் கையில் எரேமியா 29:11 வந்திருக்கும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அருமையான வசனம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். அதற்கு முந்தைய வசனமே எழுபது வருடம் ஆகும் என்கிறது. அதைத் தெரிந்துகொண்டு ஜெபித்தால், "இந்த வருடமே வீடு கட்டவேண்டும்" என்பதற்கு அந்த வசனத்தை சாட்சியாக இழுக்கமாட்டோம். "எனக்குத் தாமதமாகத் தெரிகிற இந்தக் காலத்திலும் உமது நினைவு என்மேல் நல்லதாகவே இருக்கிறது" என்று சொல்வோம். அந்த ஜெபம் வருட முடிவிலும் தாங்கும். ஆகவே ஒரு வசனத்தை எடுத்தால் முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள்.

109, 137 போன்ற சங்கீதங்களில் எதிரியின்மேல் கடும் சாபம் வருகிறது. தொடக்கத்தில் அவற்றைத் தாண்டிப் போகலாம். உங்களுக்கு யாராவது பெரிய அநியாயம் செய்திருந்தால் மட்டும் வாசித்துப் பாருங்கள். உள்ளே கொதிக்கிறதை அந்த ஆளிடம் போய்க் கொட்டாமல் தேவனிடம் கொட்டி, நியாயத்தை அவர் கையில் விட்டுவிடுவதற்கு அவை வழி காட்டுகின்றன. சத்துருவுக்காக ஜெபிக்கச் சொன்ன ஆண்டவருடைய வார்த்தையையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

துக்கத்தில் இருப்பவருக்கு நான் முதலில் கொடுப்பது 13-ம் சங்கீதம். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது. அப்படிக் கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேதாகமமே நம் வாயில் வைத்த கேள்வி அது. ஐந்தாம் வசனத்தில் நம்பிக்கை வருகிறது. உங்களுக்கு இன்னும் அது வரவில்லை என்றால் இரண்டாம் வசனத்தோடு நிறுத்திவிட்டு நாளைக்கு மறுபடியும் வாருங்கள். 88-ம் சங்கீதம் முடியும்போதுகூட ஆறுதல் வார்த்தை கிடையாது. தோழர்கள் எல்லாரும் தூரமாய்ப் போய்விட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அதையும் ஜெபம் என்றுதான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஒன்றுமே உணராத நாட்களும் வரும். அன்றைக்கு வசனத்தை வாசித்து, அதையே வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, ஒரு நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு எழுந்திருங்கள். அந்த அமைதியை மற்ற நாட்களிலும் விடவேண்டாம். ஆமென் சொன்ன கையோடு ஓடாமல் கொஞ்சம் சும்மா இருங்கள். அன்று தட்டிய சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். "என் வாய்க்குக் காவல்வையும்" என்ற 141-ம் சங்கீத வரி, பேருந்து நெரிசலிலும் அலுவலகப் படிக்கட்டிலும் ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய ஜெபம்.

வீட்டாரோடு

தனி ஜெபம் பழகியதும் குடும்ப ஜெபத்துக்கு இதைக் கொண்டுவரலாம். அதற்கு 136-ம் சங்கீதத்தைப்போல இன்னொன்று இல்லை. 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். ஒருவர் முதல் பாதியை வாசிக்க, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்லவேண்டும். வானத்தை உண்டாக்கினது, செங்கடலைப் பிரித்தது, சீகோன், ஓக் என்ற ராஜாக்களை வென்றது, மாம்சதேகமுள்ள யாவருக்கும் ஆகாரம் கொடுக்கிறது என்று இஸ்ரவேலின் கதை ஓடும். 26-ம் வசனம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஆளுக்கொரு வரி சொந்தமாகச் சேர்க்கவேண்டும். சின்னப் பிள்ளைகள் இதில் நம்மைவிட வேகம். எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் இதைச் செய்கிறோம். போன முறை அம்மாவின் முறை வந்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: "முழங்கால் வலியோடு என்னைக் கோயில் படி ஏறவைத்தவரைத் துதியுங்கள்." நாங்கள் எல்லாரும் சேர்ந்து மீதியைச் சொன்னோம்.